பெண்டிழந்தான் சுழியும் சூரியநெல்லி யானையும்

என் வாழ்நாளில் நான் போன ஒரே வெளிநாடு தமிழ்நாடு. எங்கள் தோட்டம் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே இருக்கிறது. ரேஷன் கார்டு மலையாளத்தில். திட்டுவதும் கொஞ்சுவதும் மாடு ஓட்டுவதும் தமிழில். அதே கேரளத்தின் இன்னொரு மூலையில் இருக்கிற சூரியநெல்லிக்கு யானை பார்க்கப் போக வேண்டுமானால், பொள்ளாச்சி வழியாக அடுத்த மாநிலத்துக்குள் இறங்கி, உடுமலை தாண்டி மலையேறித் திரும்பவும் சொந்த மாநிலத்துக்குள் வர வேண்டும். எல்லை வருகிற இடத்தில் ஒருவர் பஸ்ஸில் ஏறி நம் மூட்டையை அமுக்கிப் பார்ப்பார். வெளிநாட்டுப் பயணம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு அது போதும்.

எழுபதுகளின் நடுவில் ஒரு மாசி மாதம். கடலை வெட்டு முடிந்து தோட்டத்தில் வேலை இல்லாத சமயம். காட்டு விலங்குகளைப் பார்க்கிற பைத்தியம் எனக்கு எப்படிப் பிடித்தது என்று தெரியவில்லை. ராணுவத்திலிருந்து திரும்பிய சிநேகிதன் ஒருவன் பைனாகுலர் வைத்திருந்தான். அதை வாங்கிக் கிணற்று மேட்டில் உட்கார்ந்து மீன்கொத்தியைப் பார்ப்பேன். ஊரில் சிரிப்பார்கள். "திருவிழாவுக்குத் திருவிழா கோயில் யானை வருது. அதைப் பாத்தா ஆகாதுங்களா?" என்று கேட்பார்கள். சங்கிலி இல்லாத யானையைப் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னதைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் என் மனைவி சரசு. இருவருமாகப் போவதாகத்தான் ஏற்பாடு.

ஆனால் அந்த மாசியில் சரசு என் வீட்டில் இல்லை. அவளுடைய அப்பாவின் வீட்டில் இருந்தாள். காரணம் ஒரு மாடு.

என் மாமனார் மாட்டுக்குச் சுழி பார்ப்பதில் பேர்போனவர். சுற்றுப்பட்ட ஊர்களில் அவர் தடவிப் பார்க்காமல் யாரும் மாடு வாங்குவதில்லை. மாட்டின் உடம்பில் மயிர் சுழித்திருக்கும் இடத்தை வைத்து, வாங்குகிறவன் வாழ்வானா கெடுவானா என்று சொல்லிவிடுவார். அவரைக் கேட்காமல் பொள்ளாச்சிச் சந்தையில் நானே சாம்பல் நிறத்தில் ஒரு மயிலைக் காளை வாங்கினேன். நல்ல மாடு. ஏர் பூட்டினால் குரல் கொடுக்க வேண்டாம், தானே போகும். மாட்டுப் பொங்கலன்று விருந்துக்கு வந்த மாமனார் அதன் கழுத்தைத் தடவினார், முதுகைத் தடவினார், வால் கிளம்பும் இடத்துக்கு மேலே போனதும் அவர் கை நின்றுவிட்டது.

"மாப்ளை, இது பெண்டிழந்தான் சுழிங்க" என்றார். அந்தச் சுழி உள்ள மாட்டை வைத்திருப்பவன் பெண்டாட்டியை இழந்துவிடுவானாம். இலையில் போட்ட சோற்றைத் தொடாமல் எழுந்தார். "எம்பட புள்ளைய நான் கூட்டிட்டுப் போறனுங்க. மாடு போன பொறவு வரட்டும்."

எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது. மாட்டை விற்க மாட்டேன் என்றேன். அடிமாட்டுக்கு அனுப்பும் பேச்சை இருவருமே எடுக்கவில்லை. அது நினைத்துப் பார்க்கிற விஷயமே இல்லை. சரசு பெட்டியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்து, "மாட்டை மாத்துங்க, இல்லாட்டி அப்பனை மாத்துங்க. ரெண்டும் ஆகாதுன்னா நான் என்னுங்க பண்றது?" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் போன வாரமே மாமனார் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்: "பாத்தீங்களா, சுழி பலிச்சிருச்சு. எம்பட மாப்ளைகிட்டப் பெண்டாட்டி இல்லை."



புறப்படுகிற அன்று காலையில் பஸ் நிறுத்தத்தில் சரசுவை எதிர்பார்த்து நின்றேன். மாமனார் வந்தார். தோளில் துண்டு, கையில் குடை, தலையில் ஒரு சிறு அரிசி மூட்டை.

"சரசு வர்லீங்க. அவளுக்குப் பதிலா நான் வந்திருக்கறனுங்க."

"யானை பாக்கவா மாமா?"

"யானையும் பாக்கலாமுங்க. மலையில கண்ணாலம் ஆகாத தனியாளுக நெறைய இருக்காங்கன்னு சொன்னாங்க. பெண்டாட்டி இல்லாதவனை இந்தச் சுழி ஒண்ணும் பண்ணாது. ஒரு தனியாளாப் பாத்து நம்ம மயிலையக் குடுத்தரலாமுங்க. ஊட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் வாரேன்."

எதைச் செய்தாலும் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் செய்வார். அது அவர் வழக்கம்.

நான் ஒத்துக்கொண்டேனா என்றால், ஒத்துக்கொண்டேன். ஒரு மாதமாகக் கிணற்று மேட்டில் தனியாக உட்கார்ந்து மீன்கொத்தியைப் பார்த்திருந்தேன். மீன்கொத்தி கூடச் சலித்துப் போயிருந்தது. நல்ல கையில் மாடு போனால் சரசு வந்துவிடுவாள் என்றால், போகட்டும் என்று தோன்றியது. ஆனால் கொழிஞ்சாம்பாறை மாட்டைச் சூரியநெல்லிக்கு எந்த பஸ்ஸில் ஏற்றுவது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

உடுமலை தாண்டி ஒரு கடையில் இறங்கிப் புளிச்சோற்றைப் பிரித்தோம். மாமனார் மலையைப் பார்த்தபடி சாப்பிட்டார். "இத்தனை எடம் சும்மா கெடக்குதுங்களே, கடலை போட்டா என்ன?" என்பதுதான் மேற்குத் தொடர்ச்சி மலையைப் பற்றி அவர் சொன்ன முதல் கருத்து.

மலையேறும் முன் செக்போஸ்ட். அந்தக் காலத்தில் எல்லை தாண்டி அரிசி கொண்டுபோகத் தடை இருந்தது. ஏறிய போலீஸ்காரர் இளைஞர். எங்கள் மூட்டையை அமுக்கியதும் கண் விரிந்தது. பாலக்காட்டு அரிசி, கேரளத்து அரிசி, கேரளத்துக்கே போகிறது என்று விளக்கினேன்.

"அப்படியானால் கேரளத்து அரிசியைத் தமிழ்நாட்டுக்குக் கடத்தியிருக்கிறீர்கள். இப்போது தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்குக் கடத்துகிறீர்கள். இரண்டு குற்றம்" என்றார் அவர் மலையாளத்தில்.

மாமனார் அவரை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். "ஏனுங்க சார், உங்களுக்குக் கண்ணாலம் ஆயிருச்சுங்களா?"

போலீஸ்காரரின் முகம் சிவந்தது. இன்னும் இல்லை என்று தலையை ஆட்டினார்.

"நல்லதாப் போச்சு. ஊட்ல எடம் வசதி எப்பிடிங்க? தண்ணி கஷ்டம் இல்லீங்களே?"

மாட்டுப் பேச்சில் மாட்டை முதலில் எடுப்பது மாமனாரின் கௌரவத்துக்குக் குறைச்சல். முதலில் ஆளைப் பார்ப்பார், பிறகு அவன் இடத்தை, தண்ணீரை, குணத்தை. கடைசியில்தான் மாடு வாயில் வரும். சந்தையில் இது எல்லோருக்கும் தெரியும். செக்போஸ்ட்டில் யாருக்குத் தெரியும்? போலீஸ்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, தன் அம்மா தனியாகத்தான் இருக்கிறார், கிணறு உண்டு, குணத்தை ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் விசாரிக்கலாம் என்று சொல்லிக்கொண்டே போனார். அரிசி மூட்டையை அவரே எடுத்துப் பத்திரமாக மேலே வைத்தார். கண்டக்டர் விசில் ஊதியதால் மாடு வரை பேச்சு போகவில்லை. பஸ் வளைவில் திரும்பும்வரை அவர் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, உங்களுக்கு ஒரு பொண்ணு இருக்கறதா அவர் நெனச்சிட்டாருங்க."

"பொண்ணுன்னு நான் ஒரு வார்த்தை சொன்னனுங்களா?" என்றார் மாமனார். சொல்லவில்லைதான்.

மறுநாள் சூரியநெல்லி. சிநேகிதனோடு ராணுவத்தில் இருந்தவனின் அண்ணன் முத்தையா அங்கே தேயிலை ஃபேக்டரியில் வேலை பார்த்தார். எஸ்டேட் லயத்தில், அந்த வரிசை வீடுகளில், ஒரு ரூம்பும் ஒரு அடுப்படியும் அவர் வீடு. தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம். பார்த்திராத எங்களை உள்ளே உட்காரவைத்து, கப்பை என்கிற மரவள்ளிக் கிழங்கை வேகவைத்து மிளகாயோடு கொடுத்தார்கள். சோற்றுக்குப் பதில் கிழங்கா என்று முகத்தைச் சுளித்த மாமனார் மூன்று முறை கேட்டு வாங்கினார். ஆனால் டீயைத்தான் மன்னிக்கவில்லை. கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலையாகவே இருக்கிற ஊரில் கொடுத்த டீ எங்கள் ஊர் டீக்கடை டீயைவிட மட்டம். "நல்ல தூளெல்லாம் கப்பல்ல போயிருதுய்யா. கூட்டி அள்ளுன தூசிதான் நமக்கு" என்றார் முத்தையா.

குளிருக்குக் குரங்குக் குல்லாய் மாட்டிக்கொண்டு மாமனார் வேலையைத் தொடங்கினார். ஃபேக்டரி வாசலில், பலசரக்குக் கடையில், கொழுந்து நிறுக்கிற இடத்தில், கண்ணில் பட்ட ஆண்களை எல்லாம் நிறுத்தி, "கண்ணாலம் ஆயிருச்சுங்களா?" என்று கேட்டார். ஆகிவிட்டது என்றவர்களுக்கு ஒரு கும்பிடு. ஆகவில்லை என்றவர்களிடம் இடம், தண்ணீர், குணம். சாயங்காலத்துக்குள், பாலக்காட்டிலிருந்து தோட்டக்காரர் ஒருவர் மகளுக்கு வரன் தேடி வந்திருக்கிறார் என்ற செய்தி எல்லா லயத்துக்கும் போய்விட்டது. நான் மறுத்துச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு வாசலிலும் எங்களுக்கு முறுக்கும் பழமும் கிடைத்துக்கொண்டிருந்தன.

மூன்றாம் நாள் விடிந்ததும் முத்தையா எங்களை ஆனையிறங்கல் நீர்த்தேக்கத்துக்கு மேலே ஒரு புல்மேட்டுக்குக் கூட்டிப்போனார். எதிர்க்கரையில் பனி. பேசக் கூடாது, பீடி பற்றவைக்கக் கூடாது. நான் பைனாகுலரைக் கண்ணில் வைத்துக் காத்திருந்தேன். மரங்களுக்கிடையே ஒரு காது அசைந்தது. அப்புறம் ஒரு தும்பிக்கை வந்து காற்றை மோந்தது.  இதற்காகத்தானே இத்தனை வருஷம் காத்திருந்தேன்!

"அந்தா இருக்காகய்யா!" என்று பின்னால் ஒரு பெண் குரல்.

திரும்பினேன். ஒரு ஊர்வலமே மேட்டில் ஏறி வந்துகொண்டிருந்தது. முன்னால் கொழுந்து பறிக்கிற பேச்சியம்மாள், கையில் ஹார்லிக்ஸ் பாட்டில். அவளுக்குப் பின்னால் பாலியஸ்டர் சட்டையும் கூலிங் கிளாசும் போட்ட அவள் தம்பி. அவனுக்குப் பின்னால் இன்னும் இரண்டு குடும்பங்கள், வாழைப்பழச் சீப்புகளோடு.

"நாங்க சாயங்காலம் முறையா வாரோம்யா. இப்ப சும்மா முகத்தைக் காட்டிட்டுப் போகலாம்னுதான்" என்றாள் பேச்சியம்மாள், மலை முழுக்கக் கேட்கும்படி.

நான் மறுபடி பைனாகுலரை வைத்தபோது யானை திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. வாழ்க்கையில் நான் பார்த்த முதல் காட்டு யானையில் எனக்குக் கிடைத்தது பின்பாதி மட்டுமே. மாமனார் பைனாகுலரைப் பிடுங்கிப் பார்த்தார். "வாலுக்கு மேல சுத்தமா இருக்குதுங்க. நல்ல யானை" என்றார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. முத்தையாவுக்கு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். மத்தியானம், தேயிலைக் காடு முடிந்து சோலை தொடங்கும் சதுப்பு ஓரத்துக்கு எங்களை மட்டும் ரகசியமாகக் கூட்டிப்போனார். அங்கே ஒரு காட்டெருமை நின்றது. கறுத்து மினுங்குகிற உடம்பு, காலில் வெள்ளைக் காலுறை மாட்டியது போல. சுற்றிலும் அதன் கூட்டத்துப் பசுக்கள் மேய்ந்தன. 

"எருமைன்னு யாருங்க சொன்னது? திமிலப் பாருங்க. இது மாடுங்க" என்று கிசுகிசுத்தார் மாமனார். "எருமையா இருந்தா நான் உட்டுருவனுங்க. மாடுன்னா சுழி பாக்காம எப்பிடிங்க போறது?"

காட்டெருமையைப் பார்க்க வருகிறவர்கள் அதன் முகத்தைப் பார்க்க ஆசைப்படுவார்கள். நாங்கள் சேற்றில் தவழ்ந்து, அட்டைகளுக்கு ரத்தம் கொடுத்து, அதன் பின்பக்கத்துக்குச் சுற்றிப் போனோம். நாங்கள் சுற்றினால் அதுவும் சுற்றியது. கடைசியில் ஈயை விரட்ட வாலைத் தூக்கியபோது மாமனார் பைனாகுலரை இறுக்கிப் பிடித்தார். நெடுநேரம் பார்த்தார்.

"அதே சுழிங்க மாப்ளை. நம்ம மயிலைக்கு இருக்கறதைவிடப் பெருசு."  முத்தையாவிடம் திரும்பினார். "இதுக்குச் சொந்தக்காரர் யாருங்க?"

"காட்டுல நிக்கிறதுக்கு யாருய்யா சொந்தக்காரன்? சர்க்காருதான்."

"சர்க்காருக்குச் சம்சாரம் உண்டுங்களா?"

முத்தையா உண்மையிலேயே யோசித்தார். "எனக்குத் தெரிஞ்சு தனியாளுதான்யா."

"அதாங்க" என்றார் மாமனார், மனசு ஆறியவராக. "அதாங்க ஒண்ணும் ஆகலை." அந்த நிம்மதியில் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டார். காட்டெருமை சீறியது. தேயிலைப் புதர்களுக்குள் நாங்கள் ஓடிய ஓட்டத்தில் குரங்குக் குல்லாய் போயிற்று. பைனாகுலரை மட்டும் அவர் விடவில்லை.

சாயங்காலம் முத்தையாவின் வீட்டில் கால் வைக்க இடமில்லை. தட்டில் வெற்றிலை பாக்கு, நடுவில் அந்த ஹார்லிக்ஸ். பேச்சியம்மாளின் தம்பி கூலிங் கிளாசைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு மாமனாருக்கு எதிரே உட்கார்ந்தான்.

"தம்பி, எங்க வெச்சுப் பாத்துக்குவீங்க? இந்தப் பனியில வெளிய நிறுத்தினா தாங்காதுங்க" என்று ஆரம்பித்தார் மாமனார்.

"வெளியவா? ஒரு ரூம்பு தனியாக் குடுப்பாகய்யா" என்றான் அவன் பதறிப்போய்.

"கை நீட்டக் கூடாதுங்க."

"அடிக்கிற குடும்பம் இல்ல எங்களது" என்றாள் பேச்சியம்மாள்.

"கோவம் வந்தா ஒரு நேரம் தீனி எடுக்காது. கழுத்தைத் தடவிக் குடுத்தாச் சரியாப் போயிருமுங்க."

தம்பி வெட்கத்தில் தலையைக் குனிந்தான். பேச்சியம்மாள் என்னைக் காட்டி, "இவுக யாருய்யா?" என்றாள்.

"எம்பட மாப்ளைங்க. இப்ப இவருகிட்டத்தான் இருக்குது. இவருக்கு ராசியில்லைங்க. அதான் வேற ஒரு நல்ல கையில ஒப்படைச்சரலாம்னு ரெண்டு பேருமா வந்தமுங்க."

 அத்தனை கண்களும் என் மேல். கட்டிய மனைவியை இன்னொருவனுக்குக் கொடுக்க மாமனாரோடு சேர்ந்து பஸ் ஏறி வந்த மனிதனை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை.  

பேச்சியம்மாள் சமாளித்துக்கொண்டு, "வயசு என்னய்யா ஆகுது?" என்றாள்.

"ஆறு பல்லுங்க."

"ஆறு பல்லா?"

"கீழ்வரிசையில ஆறு பல்லு போட்டிருக்குதுங்க. ஏரு, வண்டி ரெண்டுக்கும் ஆகும்."

முதலில் சிரித்தது முத்தையா. நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்: மயிலை, சுழி, சரசு, பெட்டி. லயம் முழுவதும் சிரித்தது. தம்பி கூலிங் கிளாசை எடுத்து மாட்டிக்கொண்டான். பேச்சியம்மாள் மட்டும் சிரித்து ஓய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு மாமனாரைக் கேட்டாள்.

"ஏன்யா, நான் வந்ததும் கேக்கணும்னு இருந்தேன். பொண்ணோட அம்மா வரலையா? உங்க வீட்ல இதுக்கு என்ன சொல்றாக?"

"அவகிட்டக் கேக்காம நான் ஒண்ணும் செய்யறதில்லீங்க அம்மிணி. பொறப்படறப்பக்கூட..." அவர் நிறுத்தினார். கையிலிருந்த டீயைப் பார்த்தார். "அவ போயி ஒம்பது வருசமாச்சுங்க."

 மாமியாரை நான் பார்த்ததே இல்லை. எனக்குக் கல்யாணம் ஆகும் முன்பே போய்விட்டவர். மாலை போட்ட போட்டோவுக்கு முன்னால் நின்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருவதைத்தான் இவர் கேட்டுவிட்டு வருவது என்கிறார். அது எனக்குத் தெரியும், சரசுவுக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். ஆனாலும் அவரைப் பெண்டாட்டி இல்லாத மனிதர் என்று நாங்கள் ஒருநாளும் நினைத்ததில்லை. அவரும் நினைத்ததில்லை.

பேச்சியம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "அப்பம் அந்த மாடு உங்களை என்னய்யா செஞ்சிரும்?"

 மாமனார் ஆறிப்போன அந்த மட்டமான டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

மறுநாள் பஸ் ஏறித் திரும்பினோம். அரிசி மூட்டையை முத்தையா வீட்டில் கொடுத்துவிட்டோம். செக்போஸ்ட் வந்ததும் அந்தப் போலீஸ்காரர் தலையை வாரிக்கொண்டு ஓடிவந்தார். மாமனார் ஜன்னல் வழியாகக் கும்பிட்டு, "மாட்டுக்கு ஆளு முடிஞ்சிருச்சுங்க" என்றார். போலீஸ்காரர் முகம் போன போக்கை என்னால் பார்க்க முடியவில்லை.

சமவெளிக்கு இறங்கியதும் மாமனார் தோளிலிருந்த துண்டை எடுத்து என் வலது கையின் மேல் போட்டார். மாட்டுச் சந்தையில் அப்படித்தான். விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டுக்குள் கையை விட்டு விரல்களைப் பிடித்துக் காட்டுவார்கள், பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாது. அவர் கை துண்டுக்குள் வந்து என் விரல்களைப் பற்றியது. எந்த விரலை அமுக்கப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் அமுக்கவே இல்லை. மொத்தமாகப் பிடித்தபடி, பொள்ளாச்சி வரும்வரை, வெளியே வயல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நானும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

இறங்கியதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ஊட்ல சொல்லிட்டு நாளைக்கு வந்து ஓட்டிக்கறனுங்க" என்றார்.

சொன்னபடி வந்து மயிலையை ஓட்டிப்போனார். அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் எங்கள் வண்டித் தடத்தில் சலங்கைச் சத்தம் கேட்டது. மாமனாரின் வண்டி. இடப்பக்கம் அவருடைய பழைய மாடு, வலப்பக்கம் மயிலை. வண்டிக்குள் பெட்டியின் மேல் சரசு உட்கார்ந்திருந்தாள். இறங்கி நேராக மயிலையிடம் போய், வாலுக்கு மேலே அந்தச் சுழியில் உள்ளங்கையை வைத்து ஒரு தட்டுத் தட்டினாள்.

"என்னையக் கூட்டிட்டுப் போக ஒரு மாடு, கொண்டாந்து உட ஒரு மாடுன்னு நெனச்சனுங்க. ரெண்டுக்கும் இதேதானுங்களா?" என்று என்னிடம் சொல்லிவிட்டு, "யானை எப்பிடி இருந்துச்சுங்க?" என்றாள்.

"பின்பக்கம் நல்லா இருந்துச்சு" என்றேன்.